பூண்டு தின்றால் கொசு ஓடுமா? கொசுவர்த்தி கொளுத்த முடியாத வீட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் கொசுவர்த்தி கொளுத்தக் கூடாது. லிக்விட் செருகக் கூடாது, ஸ்பிரே அடிக்கக் கூடாது. காரணம் பட்டுப்புழு. தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் வீட்டை ஒட்டிப் புழு வளர்க்கும் மனை கட்டியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வர்த்தியிலும் லிக்விடிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. கொசுவுக்கு அது எமன் என்றால் புழுவுக்கு அதைவிடப் பெரிய எமன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், ராத்திரி கடி தாங்காமல் தன் பையில் இருந்த வர்த்தியை எடுத்து மனையின் ஜன்னல் ஓரமாகவே கொளுத்தி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். விடிகாலை மல்பெரித் தழை போடப் போனால், ஐந்தாம் பருவத்துப் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு, பச்சையாகக் கக்கிக்கொண்டு, போட்ட தழையைத் தொடாமல் கிடந்தன. கூடு கட்ட நாலே நாள்தான் பாக்கி. அந்த பேட்ச்சைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

ஆக, எங்களிடம் மிச்சம் இருப்பது வலை, ஃபேன், கை. இதில் என் பங்குக்கு இன்னொரு கஷ்டம், கொசு என்னைத்தான் பொறுக்கிக் கடிக்கும். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தால் மூன்று பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் தட்டிக்கொண்டிருப்பேன். "உனக்கு இனிப்பு ரத்தம்டா" என்பார் அம்மா. "தினமும் ராத்திரி நாலு பல் பூண்டைப் பச்சையா முழுங்கு மாப்ளே, கிட்டயே வராது" என்றார் மாமா. மருந்துக்கடையில் வைட்டமின் மாத்திரை போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கறியை நிறுத்து, கருவாட்டை நிறுத்து என்று ஆளுக்கு ஒன்று. ஒன்று விடாமல் செய்து பார்த்தேன், இதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன கண்டார்கள் என்றும் தேடித் தேடிப் படித்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாடு உடம்பு வாசனையை மாற்றும், அது நிஜம். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரின் மூக்குக்குத் தெரிகிற மாற்றம் வேறு, கொசு மோப்பம் பிடிக்கிற சங்கதி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வாய் நாறுகிற அளவுக்குப் பூண்டைத் தின்றுவிட்டு, அப்புறமும் கடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கொசு எதைத் தேடி வருகிறது

இனிப்பு ரத்தக் கதையை முதலில் ஓரம் கட்டுவோம். ஆண் கொசு ரத்தமே குடிக்காது. ஆண், பெண் இரண்டுக்கும் பறக்கத் தேவையான சர்க்கரை பூவிலிருந்தும் செடிச் சாற்றிலிருந்தும் கிடைத்துவிடுகிறது. பெண் கொசு நம்மிடம் வருவது முட்டை வைக்கப் புரதம் வேண்டும் என்பதற்காக. சர்க்கரை வேண்டுமென்றால் அது தும்பைப் பூவுக்குப் போயிருக்கும், என் கணுக்காலுக்கு வந்திருக்காது.

அது நம்மைக் கண்டுபிடிப்பது படிப்படியாக. பல மீட்டர் தூரத்திலேயே நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு அதற்குத் தெரிந்துவிடும், அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிர்த் திசையில் வரும். பக்கத்தில் வந்ததும் தோலின் வாசனை, கண்ணுக்குத் தெரியும் நிறம், இன்னும் நெருங்கினால் உடம்புச் சூடும் ஈரமும். இதில் யாரைக் கடிப்பது என்று பெரும்பாலும் தீர்மானிப்பது தோல் வாசனை. புதிதாக வழிந்த வியர்வைக்குப் பெரிதாக வாசனை கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியா அந்த வியர்வையையும் தோல் எண்ணெயையும் தின்று வெளியே விடும் அமிலங்கள்தான் வாசனை.

அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வாஸ்ஹால் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. 64 பேரைக் கையில் நைலான் உறை போட்டுக்கொள்ளச் சொல்லி, அந்த உறைகளை ஜோடி ஜோடியாக டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் முன்னால் வைத்தார்கள். எல்லாரையும் விட அதிகமாகக் கொசு தேடிப் போன ஆளுக்கும், கொசு சீண்டாத ஆளுக்கும் வித்தியாசம் சுமார் 100 மடங்கு. அதிகம் கடிபடுகிறவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் கூடுதலாக இருந்தன. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்த செய்தி, அதே ஆட்களை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதித்தும் வரிசை பெரிதாக மாறவில்லை என்பதுதான். அத்தனை வருஷத்தில் அவர்கள் எத்தனை விதமாகச் சாப்பிட்டிருப்பார்கள்? இருந்தும் கொசுவுக்குப் பிடித்தவர் பிடித்தவராகவே இருந்தார். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ உனக்கு அது ஜாதகம்" என்று முடித்துவிட்டார்.

கடியைக் கூட்டுகிற சாப்பாடு எது

ஆதாரத்தோடு முதலில் வருவது பீர். ஜப்பானில் 2002-ல் வந்த ஆய்வில் 350 மில்லி பீர் குடித்தவர்கள் மேல் கொசு உட்காருவது கூடியது. அடுத்து ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில், உள்ளூர்ச் சோளத்தில் காய்ச்சும் டோலோ என்ற பீரை ஒரு கூட்டத்துக்கும் வெறும் தண்ணீரை இன்னொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், 2010-ல் வெளியானது. மலேரியாக் கொசு பீர் குடித்தவர் பக்கம் அதிகம் திரும்பியது, தண்ணீர் குடித்தவரிடம் மாற்றமில்லை. உடம்புச் சூடோ மூச்சின் அளவோ இதற்குக் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. சாயங்காலம் தென்னந்தோப்பில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பாட்டில் திறக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இடம் மோசம், நேரம் மோசம், கையில் இருப்பதும் மோசம். மூன்றில் ஒன்றையாவது மாற்றுங்கள்.

இரண்டாவது வாழைப்பழம். இது எனக்கே ஆச்சரியம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் செய்து 2018-ல் வந்த ஆய்வில், வாழைப்பழம் சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கையை நாடிய கொசு அதிகமாயிற்று. திராட்சை சாப்பிட்டபோது அப்படி ஆகவில்லை. அவர்கள் பயன்படுத்தியது அனாபிலஸ் ஸ்டீஃபன்சி, நம் நாட்டு நகரங்களில் மேல்தொட்டியிலும் கிணற்றிலும் பெருகி மலேரியா பரப்புகிற அதே கொசு. ஆனால் சோதித்தது கொஞ்சம் பேரைத்தான், அதற்காக வாழைப்பழத்தையே விட்டுவிடாதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பழம் தின்றுவிட்டுத் திண்ணையில் படுக்கிற பழக்கம் இருந்தால், பழத்தைக் காலைக்கு மாற்றுங்கள், அவ்வளவு போதும். நானும் அதைத்தான் செய்தேன்.

மாம்பழத்தின் மேல் பழி போடுகிறவர்களும் நம் பக்கம் உண்டு. பெங்களூரா சீசனில் தோலும் கொட்டையும் வாசலில் குவிந்து கிடக்கும்போது மொய்ப்பது பழ ஈ, அது கடிக்காது. கடிக்கிறது அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கிடக்கும் கொட்டாங்குச்சித் தண்ணீரில் பிறந்தது.

கடியைக் குறைப்பதாகச் சொல்லப்படுவது

பூண்டு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவுக்குப் பூண்டு மாத்திரையும் ஒரு குழுவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, யார் எதை முழுங்கினார் என்று தெரியாமல் வைத்துக் கொசுவிடம் விட்டார்கள். வித்தியாசமே இல்லை. நான் 40 நாள் பச்சைப் பூண்டு தின்றேன், நெஞ்செரிச்சல்தான் மிச்சம், மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு குழந்தைகள் பக்கம் போய்விட்டாள்.

வைட்டமின் பி1 கதை 1940-களில் அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதியதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு ஒழுங்காகச் செய்த சோதனைகளில் எதுவும் தேறவில்லை. உள்ளுக்குச் சாப்பிட்டுக் கொசுவை விரட்டும் மருந்து என்று எதையும் விற்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1985-லேயே விதி போட்டுவிட்டது. சத்துக் குறைவுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்தால் போடுங்கள், கொசுவுக்காக வாங்காதீர்கள்.

கொள்ளு ரசம் உடம்புக்குச் சூடு, அதனால் கொசு வரும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. கொள்ளின் சூடு நம் பாட்டிமார் கணக்கில் உள்ள சூடு. கொசு பார்ப்பது தோலின் சூடு. களியும் கொள்ளும் தாராளமாகச் சாப்பிடுங்கள், வயலில் வேலை செய்துவிட்டு மூச்சு வாங்க வந்து உட்காருகிற முதல் கால் மணி நேரம்தான் கொசுவுக்கு உண்மையான விருந்து. அப்போது மூச்சும் அதிகம், சூடும் அதிகம், வியர்வையும் அதிகம். களியைக் கரைத்துக் குடிக்கும் முன் கைகால் கழுவுங்கள்.

மனுஷ மூக்குக்கு எது தெரியும்

சரி, கொசு போகட்டும். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காருகிறவருக்காகவாவது சாப்பாட்டைக் கவனிக்கலாம், இங்கே பலன் உண்டு. பூண்டைச் செரித்த பிறகு வரும் அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகப் பொருள் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது, அதனால்தான் பல் தேய்த்தாலும் போகாமல் மறுநாள் வரை நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், செக் நாட்டில் ஆண்களுக்குப் பூண்டு கொடுத்து அக்குள் வாசனையைப் பெண்களிடம் முகரச் சொன்ன ஆய்வில், பூண்டு தின்றவர்களின் அக்குளுக்குத்தான் நல்ல மார்க் கிடைத்தது. வாய் நாறும், அக்குள் மணக்கும்! அதே நாட்டில் 2006-ல் 17 ஆண்களை இரண்டு வாரம் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியோடும் இரண்டு வாரம் அது இல்லாமலும் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். இறைச்சி இல்லாத நாட்களின் வாசனையே இனிமையாக இருந்ததாகப் பெண்கள் சொன்னார்கள். ஆகவே விசேஷத்துக்குப் போவதாக இருந்தால் முந்தின வாரம் ஆட்டுக்கறியைக் குறைத்துக் காய், கீரை, பழம் பக்கம் சாயலாம்.

வெயில் காலத்தில் வெந்தயக் களி தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரிலும் வியர்வையிலும் வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனை வரும், வெந்தயத்தில் உள்ள சோட்டோலான் என்ற பொருள்தான் அது, பயப்பட ஒன்றுமில்லை. பட்டினி கிடந்தாலோ மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலோ மூச்சில் நகப்பாலிஷ் அழிக்கும் திரவம் போல ஒரு நெடி வரும், அது அசிட்டோன். ஆனால் சர்க்கரை நோயாளியின் மூச்சில் அந்த நெடி திடீரென்று வந்து, கூடவே வாந்தி, அசதி, மூச்சு வாங்கல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. அதே மாதிரி, குளித்த பிறகும் உடம்பில் மீன் கவிச்சி விடாமல் வீசினால், கருவாட்டைத் திட்டிக்கொண்டிராமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மீன், முட்டையிலிருந்து உண்டாகும் ஒரு பொருளைச் சிலருடைய உடம்பால் உடைக்க முடிவதில்லை, அது பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம்.

சாப்பாட்டைவிட எளிதான ஒன்று சட்டைத் துணி. பாலியஸ்டரில் நாற்றம் உண்டாக்கும் பாக்டீரியா பருத்தியைவிட அதிகமாக வளரும். மல்பெரித் தோட்டத்துக்குப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

உங்கள் உடம்பை நீங்களே சோதிப்பது

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து. இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு உணவை எடுத்துக்கொள்ளுங்கள், பூண்டோ வாழைப்பழமோ. தினமும் காலையில் காசு சுண்டிப் பூ விழுந்தால் அன்று சாப்பிடுவது, தலை விழுந்தால் சாப்பிடாமல் இருப்பது என்று வையுங்கள், இல்லாவிட்டால் நம் இஷ்டத்துக்கு நாள் பார்ப்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே திண்ணை, ஒரே இடம், வெளிர் நிறத்தில் முழுக்கால் பேண்ட், சாக்ஸ், முழுக்கைச் சட்டை. கடி வாங்க வேண்டியதில்லை, துணி மேல் வந்து உட்காருகிற கொசுவை 20 நிமிஷம் எண்ணித் தட்டிவிட்டால் போதும்.

முக்கியமான விஷயம், தனியாக உட்காராதீர்கள். மழை பெய்த மறுநாள் கொசு எப்படியும் கூடும், அதைப் பூண்டின் தலையில் கட்டிவிடுவோம். அதனால் வழக்கம்போல் சாப்பிடுகிற ஒருவரை ரெண்டு முழம் தள்ளி உட்கார வைத்து அவர் மேல் உட்காருவதையும் எண்ணச் சொல்லுங்கள், தினமும் உங்கள் கணக்கை அவர் கணக்கோடு ஒப்பிடுங்கள். நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன், துணைக்கு என் மச்சான். பூண்டு நாளும் பூண்டில்லா நாளும் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. மச்சான் மேல் எப்போதும் கம்மி, என் மேல் எப்போதும் ஜாஸ்தி. தெருவில் யாருக்காவது டெங்குக் காய்ச்சல் இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம்.

இனி உண்மையில் செய்ய வேண்டியது

கால் கழுவுங்கள். கால் விரல் இடுக்குப் பாக்டீரியாவின் நெடி கொசுவுக்கு உயிர். நெதர்லாந்தைச் சேர்ந்த பார்ட் நோல்ஸ் என்பவர் பாத நாற்றமும் லிம்பர்கர் என்ற சீஸ் நாற்றமும் மலேரியாக் கொசுவை இழுக்கிறது என்று காட்டியதற்காக 2006-ல், சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு வாங்கினார். கிருமிநாசினி சோப்பால் பாதத்தைக் கழுவிய பிறகு கொசு பாதத்தை விட்டு வேறு இடத்தில் கடித்ததும் அவருடைய ஆய்வில் உண்டு. கடிக்கும் இடம் மாறும், அவ்வளவுதான். மீதியைத் துணியால் மூட வேண்டும்.

நிறம். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 2022-ல் வந்தது, கரியமில வாயுவை முகர்ந்த ஏடிஸ் கொசு சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களைத் தேடிப் பறந்தது. வெள்ளை, பச்சை, ஊதா பக்கம் திரும்பவில்லை. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடிகாலைக் குளியல் என்று இருப்பார்கள், அது ஐப்பசி மழை விட்டுக் கொசு பெருகியிருக்கும் நேரமும்கூட. நிறத்தை மாற்ற முடியாது, தடவிக்கொள்கிற கிரீமையாவது மறக்காதீர்கள்.

கிரீமில் டீட் அல்லது பிகாரிடின் என்ற கொசு விரட்டி மருந்து இருக்கிறதா என்று அட்டையைப் படித்து வாங்குங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு எதுவும் தடவாமல் வலைக்குள் போடுவதே சரி. புழு வைத்திருப்பவர்கள் காலுக்கு மட்டும் தடவுங்கள். கையில் தடவிவிட்டுத் தழையைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஏடிஸ் கொசு காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும்தான் மும்முரமாகக் கடிக்கும், நாம் தழை அறுக்கப் போவதும் சரியாக அதே நேரம். திண்ணையில் டேபிள் ஃபேனைக் கால் உயரத்தில் வையுங்கள். அந்தக் காற்றில் கொசுவால் நிலையாகப் பறக்க முடியாது, நம் மூச்சும் வாடையும் கலைந்துபோகும். மனை ஜன்னலில் பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈக்காக வலை அடிக்கும்போதே கொசு நுழையாத சின்னக் கண்ணாகப் பார்த்து வாங்கி, மிச்சத்தை வீட்டு ஜன்னலுக்கு அடித்துவிட்டோம், செலவு ஒன்றும் பெரிதில்லை.

கடைசியாகத் தண்ணீர். இங்கேதான் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். அந்தத் தண்ணீர் வராத நாளுக்கென்று ட்ரம்மிலும் தொட்டியிலும் குடத்திலும் பிடித்துப் பிடித்து வைக்கிறோம். ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது சாக்கடை இல்லை, இந்த நல்ல தண்ணீர்தான். முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே ட்ரம்மின் சுவரில் ஒட்டி வைக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். வெறுமனே கவிழ்த்து ஊற்றினால் போகாது. வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொண்டு தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு அப்புறம் பிடியுங்கள், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் தவறக் கூடாது. மேலே வேட்டித் துணியைக் கட்டி நார்க் கயிறு போட்டு இறுக்குங்கள். மாட்டுத் தொட்டி, மூலையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல் குழி, ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, இவற்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

மழைக் காலத்தில் தெருவுக்குப் புகை மருந்து அடிக்க வருவார்கள், அதிலும் புழுவைக் கொல்லும் மருந்து இருக்கலாம். எந்தக் கிழமை வருகிறார்கள் என்று முன்னாடியே பஞ்சாயத்தில் கேட்டு, மனை இருக்கும் பக்கத்தை விட்டு அடிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு வேண்டிய தழையை முதல் நாள் சாயங்காலமே அறுத்து ஈரச் சாக்கில் மூடி வையுங்கள். புகை போன தோட்டத்துத் தழையை உடனே போடாதீர்கள். முதலில் நாலைந்து புழுவைத் தனியாக எடுத்து வைத்து அதற்குப் போட்டுப் பாருங்கள், மறுநாளும் அவை நன்றாகத் தின்றால் மற்றவற்றுக்குப் போடலாம்.